மூஞ்சி இங்க கீது

காய்க்கடைக்காரரிடம் சொல்வாள், பஸ் கண்டக்டரிடம் சொல்வாள், ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாங்க் ஆபீசரிடமும் சொன்னாள். இரண்டு விரலால் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டி, "மூஞ்சி இங்க கீது சார்" என்பாள். குரலில் கோபம் இருக்காது. தெரு மாறி வந்துவிட்டவருக்கு வழி காட்டுகிற மாதிரி சொல்வாள். கேட்டவர் திடுக்கிட்டுக் கண்ணை மேலே தூக்குவார். அதன்பிறகுதான் அவள் பேச வந்த விஷயத்துக்கு வருவாள்.

அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டோம். அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை எழுதினால் அவளுக்கு இன்னும் தொல்லைதான், வேண்டாம்.

நானும் அவளும் குரூப் டான்சர்கள். கதாநாயகிக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த என்னை ஒரு மாஸ்டர் பார்த்துக் கூப்பிட்டார், போனேன். என் வீடு சிட்லபாக்கத்தில். அப்பா ரிட்டயர்டு. "எத்தனை நாளைக்கு இது?" என்று தினமும் கேட்பார். நான் குரோம்பேட்டையில் ரயில் ஏறுவேன், அவள் அடுத்த ஸ்டேஷனில், பல்லாவரத்தில் ஏறுவாள். கோடம்பாக்கம் வரைக்கும் சேர்ந்து போவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் வேறு குடித்தனம் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை இருந்தது. ரயிலில் அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

முகம் அழகு என்று சினிமாக்காரர்கள் சொல்கிற வகையில் அவள் முகம் இல்லை. நல்ல கறுப்பு. அகலமான மூக்கு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. ஆனால் பேசும்போது அந்த முகத்தில் நடக்கிறதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் மாஸ்டர் அவளை வரிசையில் நிறுத்தும்போது ஒரு ஜோக் சொல்வார். "உன் மூஞ்சி செகண்ட் லைன், உன் இடுப்பு ஃபர்ஸ்ட் லைன். நான் உன்னை எங்கதான் நிறுத்துறது?" எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு இரண்டாவது வரிசைக்குப் போவாள்.

ஒருநாள் மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். டான்ஸ் ரிகர்சல் முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் கண்ணாடியை மெதுவாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் திருப்பினார். எதிரே தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அக்கா எக்கி, கையை நீட்டிக் கண்ணாடியைப் பழையபடி சாலைப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அண்ணா, ரோட்டப் பாரு. என்னியப் பாத்தே ஆவணும்னா வண்டிய ஓரங்கட்டு, திரும்பு, மூஞ்சியப் பாரு. பாத்துட்டுக் கெளம்பலாம்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிரைவர் தாம்பரம் வரைக்கும் கண்ணாடிப் பக்கம் பார்க்கவே இல்லை. இறங்கும்போது, "சாரி சிஸ்டர்" என்றார். "பரவால்ல ணா, பாத்து போ" என்றாள் அவள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே பார்த்திருப்பேன்.

"இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கறதுக்கு இன்னாடி கீது? நாள் பூரா கேமராகாரன் கீழயே பாத்துகினு கீறான். அதுக்கு அவன் துட்டு குடுக்கறான். ரோட்ல போறவன் எதுக்கு ஓசில பாக்கணும்?"

இதைச் சொன்னபோது சிரித்தாள்.

பிறகு ஒரு பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சினிமாவுக்காக அல்ல. யூட்யூபில் விடுகிற தனிப் பாட்டு. அதற்கென்றே ஒரு கம்பெனி, வடக்கேயிருந்து ஒரு கதாநாயகி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பாடகர். பல்லாவரத்தில் ஒரு பழைய தோல் கிடங்கை வெளிநாட்டு பார் மாதிரி ஆக்கியிருந்தார்கள். எவ்வளவு சாம்பிராணி போட்டும் சுவரிலிருந்து தோல் வாடை போகவில்லை. பாட்டில் அந்தப் பெண்ணை ஒரு பலகாரத்தோடும் ஒரு பைக்கோடும் ஒப்பிட்டிருந்தார்கள். வேறு எதுவும் அதில் இல்லை.

டைரக்டர் சின்னப் பையன். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவனாம். எல்லோரையும் மேம் என்றுதான் கூப்பிடுவான். பாட்டில் முக்கியமான ஒரு இடுப்பு ஸ்டெப் கதாநாயகிக்கு வரவில்லை. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்த பெண், இரண்டு முறை ஆடியதும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் மாஸ்டரிடம் காதோடு ஏதோ சொன்னான். மாஸ்டர் இரண்டாவது வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"மேம், குளோஸ்-அப் மட்டும் நீங்க பண்ணிடுங்க" என்றான் அக்காவிடம். "இடுப்பு மட்டும்தான். ஃபேஸ் வராது. ஸோ டென்ஷனே வேணாம்."

"ஃபேஸ் வர்றதுல எனக்கு இன்னா டென்ஷன் சார்? ஒரே ஒரு ஷாட்டு வைங்க. ஓரமா வெச்சாலும் பரவால்ல."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். பிறகு, "கண்டிப்பா மேம். லாஸ்ட்ல ஒண்ணு எடுத்துடலாம்" என்றான்.

மேக்கப் போடும் பெண் வந்து அவள் வயிற்றில் இருந்த பிரசவக் கோடுகளின் மேல் பசை மாதிரி ஒன்றைப் பூசினாள். காய்ந்ததும் இன்னொரு தரம் பூசினாள். அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது எம் பொண்ணு போட்ட கோடு. அழிக்கறதுக்கு எத்தினி தடவடி பூசற?" என்றாள். கதாநாயகியின் நிறத்துக்கு ஏற்றபடி முதுகு, வயிறு, கை எல்லாம் வெளுப்பாக்கினார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு பெண், கழுத்துக்கு மேலே இன்னொரு பெண் மாதிரி நின்றாள்.

அன்றைக்குப் பூராவும் கேமரா அவள் இடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு பையன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பான், வியர்வை மாதிரி தெரிவதற்கு. ஏ.சி. இல்லாத கிடங்கில் அவளுக்கு நிஜ வியர்வையே ஊற்றிக்கொண்டிருந்தது. அது கேமராவில் அழகாகத் தெரியவில்லையாம். துடைத்துவிட்டுப் பொய் வியர்வையை அடித்தார்கள். "இன்னும் ஸ்லோவா", "இன்னும் கீழ", "அப்படியே ஹோல்டு" என்று மைக்கில் குரல் வந்துகொண்டே இருந்தது. பேசியவன் மானிட்டரைப் பார்த்துப் பேசினானே தவிர அவளைப் பார்க்கவில்லை. ஒருமுறை தசை பிடித்துக்கொண்டு அவள் முகம் கோணியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, முகம்தான் ஃபிரேமில் இல்லையே.

கதாநாயகிதான் எழுந்து வந்தாள். தன் ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அந்தப் பெண் தன் நெஞ்சில் கை வைத்து "சாரி, தீதி" என்றாள், அவர்கள் பாஷையில் அக்கா என்று. அக்கா அவள் கன்னத்தைத் தடவி, "நீ போய் எதனா துன்னும்மா மொதல்ல" என்றாள்.

கடைசியில் அந்த ஒரு ஷாட் எடுத்தார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னிடம் மை வாங்கி இட்டுக்கொண்டு வந்து நின்றாள். "மேம், லெஃப்ட் பாருங்க. ஸ்மைல். சூப்பர். ஓகே" என்றான் டைரக்டர். கேமரா உதவியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை. திரும்பி நடந்து வரும்போது, "உங்க ஷாட் நல்லா வந்திருக்கும்க்கா" என்றேன்.

"கேமரா ஓடலடி" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"லைட்ட அணைச்சிட்டானுங்க. லைட் இல்லாம இன்னா ஷாட்டு? இத்தினி வருசம் ஆடறேன், இதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சிரிச்சீங்க?"

"அந்தப் புள்ள சொன்ன வார்த்தையக் காப்பாத்தறாப்ல நடிச்சான். நானும் நடிச்சேன். வுடு." கிடங்கின் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள். "வூட்டுக்குப் போவலாம், பாப்பா காத்துகினு இருக்கும்."

கேமரா முன்னால் அவள் நடித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் எங்கேயும் பதிவாகவில்லை.

பாட்டு வந்தது. வந்த வேகத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. தாம்பரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் போன்களில், டீக்கடையில், கல்யாண மண்டபங்களில், பள்ளிக்கூட வேனில். பாட்டைத் திறப்பதற்கு முன்பே திரையில் ஒரு படம் நிற்குமே, அதில் அவள் இடுப்பு இருந்தது. மேலே நெஞ்சு வரைக்கும், கீழே தொடை வரைக்கும். கதாநாயகியின் சிரிப்பு பாட்டின் நடுவில் வரும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் பேசியது அந்த ஸ்டெப்பைத்தான்.

முதலில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பழைய ஸ்பீக்கர்கள் விற்கிற கடையில் அந்தப் பாட்டு போட்டிருந்தார்கள். நாலைந்து பையன்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த ஸ்டெப்பை ஆடினார்கள். கூட்டம் கைதட்டியது. அவளும் தட்டினாள். "நல்லாத்தான ஆடறானுங்க?" என்றாள் என் காதில். "ரெண்டாவது பீட்டுல லேசா வுடறான், அத்தச் சொல்லித் தரட்டுமா?"

அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவன் எங்களைப் பார்த்தான். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் நண்பனிடம் ஏதோ சொன்னான். அவனுக்கு அவள் யாரென்று தெரியாது. சும்மா ஒரு பெண் நின்றாள், பார்த்தான், அவ்வளவுதான். அவள் கன்னத்தைத் தட்டிக் காட்ட விரலைத் தூக்கினாள். பாட்டுச் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் அதே ஸ்டெப்பை அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை ஆடினான். கூட்டம் மறுபடியும் கைதட்டியது.

மறுநாள் ரிகர்சல் முடிந்து ரயிலில் திரும்பி வரும்போது, பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னாள். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள், அவளுக்கு அது படிக்க வராது. நான் நல்லதாக இரண்டைத் தேடிப் படித்தேன்.

"பொறுக்கிப் படிக்காத. வரிசையாப் படி."

படித்தேன். பெண்கள் பெட்டிதான், இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எழுதியிருந்ததையெல்லாம் இங்கே திரும்ப எழுத மாட்டேன். அந்த இடுப்பை என்ன செய்யவேண்டும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். கிலோ என்ன விலை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதிலும் வந்திருந்தது. எழுதியவர்களின் படங்களில் குழந்தையை மடியில் வைத்திருந்த அப்பாக்கள் இருந்தார்கள், கோவில் வாசலில் நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். எவ்வளவு கீழே போனாலும், இது யார் ஆடியது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

"போதும்" என்றாள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "கறிக்கடைல பாத்துகிறியா? தொடை தனியா தொங்கும், நெஞ்சு தனியா தொங்கும். தலையக் கீழ தட்டுல வெச்சிடுவான். யாரும் அத்தப் பாத்துகினு கறி வாங்க மாட்டாங்க."

பல்லாவரத்தில் இறங்கிப் போனாள். அதன்பிறகு அந்தப் பாட்டைப் பற்றி அவள் என்னிடம் பேசியது பள்ளிக்கூட விஷயத்தின்போதுதான்.

மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பழகுகிறோம் என்று சந்தோஷமாக வந்து சொல்லியிருக்கிறாள். என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறாள் அக்கா. குழந்தை பாடிக் காட்டியிருக்கிறது. பிறகு, "ஒரு ஸ்டெப் மட்டும் வரலம்மா, நீ சொல்லித் தாயேன்" என்று கேட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் எனக்கு போன் செய்தாள். "நீ இங்கிலீஷ் பேசுவ, கூட வா" என்றாள். போனேன். சின்னப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை பருத்திப் புடவை கட்டிய, அன்பாகப் பேசுகிற அம்மாள். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பிள்ளைங்களே ஆசைப்பட்டுக் கேட்டாங்கம்மா. பேரன்ட்ஸ் எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க. டீசன்டான டிரெஸ்தான். அதுங்களுக்கு அர்த்தமா தெரியப்போகுது?"

"அதுங்களுக்குத் தெரியாது டீச்சர். கீழ உக்காந்துகினு பாக்கறவனுக்குத் தெரியும்ல?"

"எல்லா ஸ்கூல்லயும் இந்தப் பாட்டுதாம்மா இந்த வருஷம்."

அக்கா மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்தக் கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தன் தெருவில்கூட அவள் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"அந்தப் பாட்டுல ஆடறது நாந்தாம்மா."

தலைமையாசிரியைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் கண் தானாகக் கீழே இறங்கியது. அவரும் ஒரு பெண், அறுபதை நெருங்குகிறவர். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாட்டைப் பார்த்த யாருடைய கண்ணும் அங்கேதான் போயிருக்கும்.

"மூஞ்சி இங்க கீது, டீச்சர்" என்றாள் அக்கா. அவ்வளவு மெதுவாக அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. தன்னைச் சமாளித்துக்கொண்டு கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. நீங்களே ஆடிட்டு, பிள்ளைங்க ஆடக்கூடாதுன்னா எப்படிம்மா?"

"நான் ஆடனேன் டீச்சர். ஆடறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எம் பொண்ணு ஆடட்டும், நாள் பூரா ஆடட்டும். ஆனா அந்தப் பாட்டுல ஆட்டம் இல்ல. அவனுங்க என்னிய இன்னா பண்ணாங்கன்னு எனக்குத்தான தெரியும்? ஒரு நாள் பூரா நின்னேன். ஒரு ஆளு எம் மூஞ்சியப் பாக்கல. அத்த இந்தப் பசங்களுக்கு ஏன் கத்துத் தர்றீங்க?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசித்தும் சொன்னார். அவளுடைய மகளை மட்டும் அந்த டான்ஸிலிருந்து எடுத்துவிட்டு, வரவேற்புரை வாசிக்கச் சொன்னார்கள். மற்றக் குழந்தைகள் அந்தப் பாட்டுக்கே ஆடின. ஊரே கைதட்டியதாம். நாங்கள் போகவில்லை.

அந்த அறையில் பேசியது எப்படி வெளியே போனது என்று தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டே நாளில் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தப் பாட்டின் படமும், பள்ளி விண்ணப்பத்திலிருந்தோ எங்கிருந்தோ எடுத்த அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. அவள் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அவள் முகத்தையும் அவள் ஆட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.

ஒருவர் போன் செய்து, தன் தம்பியின் பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்து ஆடுவாளா என்று கேட்டார். மகளுடைய வகுப்பில் படிக்கிற ஒரு குழந்தையின் அப்பா அவர். இத்தனைக்கும் மரியாதையாகத்தான் கேட்டார், 'மேடம்' என்று கூப்பிட்டார். வீட்டு ஓனர் தன் மனைவியை அனுப்பி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். பாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஏன் வெளியே சொன்னாய் என்று திட்டினார். ஆடியது வேறு ஆள் என்று தெரிந்து கதாநாயகி தரப்பில் பெரிய பேஜாராகிவிட்டது என்று மாஸ்டர் சொன்னார். "கொஞ்ச நாள் ஃப்ரீயா விடு, நானே கூப்பிடறேன்" என்றார். பிறகு அவர் கூப்பிடவே இல்லை. எனக்குத் தெரிந்து அடுத்த பாட்டுக்கு விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணை இரண்டாவது வரிசையிலிருந்து எடுத்தார்கள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பையன்கள் அந்த ஸ்டெப்பை ஆடிக்காட்டியிருக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து அழவில்லை. புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா போய்ச் சொன்ன?" என்று மட்டும் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் சில நாட்கள் அம்மாவிடம் அது பேசவே இல்லை.

"வேற எதனா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டி" என்றாள் என்னிடம். "ஏம்மா ஆடனன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஏம்மா சொன்னன்னு கேக்குது. அதுக்கு இன்னா பதில் கீது எங்கிட்ட?"

பல்லாவரத்தைக் காலி செய்துகொண்டு மேடவாக்கம் தாண்டி எங்கேயோ உள்ளே போய்விட்டாள். குழந்தையை வேறு பள்ளியில் சேர்த்தாள். நானும் கொஞ்ச நாளில் ஆட்டத்தை விட்டேன். அப்பாவுக்குச் சந்தோஷம். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்குப் படிப்பு இருந்தது, வெளியேற ஒரு வழி இருந்தது.

கடைசியாக அவளைப் பார்த்தது குரோம்பேட்டையில், ஒரு டீக்கடை வாசலில். ஷூ கம்பெனி ஒன்றில் தோலுக்குப் பசை ஒட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. தளர்வான சுடிதார் போட்டு, அதன்மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். இடுப்பு வலி, டாக்டர் நரம்பு என்கிறார் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போது டீக்கடைப் பெஞ்சில் இருந்த ஒரு ஆள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். இப்போது சொல்வாள், இதோ விரலைத் தூக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். பாதி டீயை வைத்துவிட்டு, "வரேன்டி, டயமாவுது" என்று தலையைக் குனிந்தபடியே போய்விட்டாள்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெண் என்னை, "ஆன்ட்டி, நீங்கதானே சிட்லபாக்கம் ஆன்ட்டி?" என்று கேட்டாள். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. யாரென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது, அக்காவின் மகள். பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. அதே வேலைதான். வீட்ல யார்கிட்டயும் அதிகமா பேசமாட்டாங்க." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, அம்மா நல்லா ஆடுவாங்களா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல, நான் பார்த்ததே இல்ல. வீட்ல பாட்டு வந்தாலே ஆஃப் பண்ணிடுவாங்க. மாமா பையன் கல்யாணத்துல எல்லாரும் கையப் பிடிச்சு இழுத்தாங்க, எழுந்திரிக்கவே இல்ல. அது அம்மான்னு தெரிஞ்சப்புறம் அந்த வீடியோவ நான் திறந்ததே இல்ல. திறந்தாலும் அதுல அம்மா எங்க இருக்காங்க? நீங்க கூட ஆடியிருக்கீங்கல்ல, எப்படி ஆடுவாங்கன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வந்த வார்த்தையெல்லாம் அந்தப் பாட்டுக்குக் கீழே யாராவது எழுதிவிட்ட வார்த்தையாக இருந்தது. பிறகு சேலையூர் மண்டபத்து மழை நாளைச் சொன்னேன்.

ரிகர்சலுக்காக ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தோம். வெளியே முழங்கால் அளவு தண்ணீர், போக வழியில்லை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பயந்துபோய் உட்கார்ந்திருந்தோம். மண்டபத்துச் சமையல்காரர் ஒருவர் சும்மா ஒரு அண்டாவைத் தட்டினார். உன் அம்மா எழுந்தாள். முதலில் எங்களையெல்லாம் கேலி செய்து ஆடினாள். மாஸ்டர் மாதிரி, பயந்துபோன என்னை மாதிரி. வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் கேலியை விட்டுவிட்டு அவளாக ஆடினாள். யாரோ ஒருத்தி மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதான் அதில் கதை. தண்ணீர் ஏறுகிறது, பிள்ளையைத் தோளுக்கு ஏற்றுகிறாள், தலைக்கு ஏற்றுகிறாள். அண்டா தட்டியவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அது அவளுக்குத் தெரியவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தாள். நாங்கள் அத்தனை பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள்.

சொல்லி முடித்தேன். அந்தப் பெண் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத யாராவது வீடியோ எடுத்தாங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. எல்லார் போனும் ஆஃப் ஆகியிருந்தது."

தலையாட்டினாள். மடியிலிருந்த தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த வீடியோ ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன்.